‘எலிசபெத்’ படம், ரெண்டாம் பாகம்: பேச்சு முதல்ல வந்ததா, சண்டை முதல்ல வந்ததா?

தகடூரான்: மாங்கனி எழுதியிருக்கறதப் பாத்து எரிச்சலா வருது. ‘எலிசபெத்: தி கோல்டன் ஏஜ்’ (2007) வரலாற்ற அப்படியே காட்டுதாம், டில்பரி முகாம்ல ராணி பேசுன பேச்சுக்கும் ஸ்பெயினோட நடந்த கடல் சண்டைக்கும் ஒரே நாள்தான் இடைவெளியாம். படத்துல இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் கவசம் மாட்டிக் குதிரையில வந்து பேசுறாங்க, அப்புறம்தான் ஸ்பெயின் கப்பற்படை மேல ஏவுற தீக்கப்பல், அதாவது தீ வெச்சு விடுற கப்பல், கிளம்புது. 1588-ல நடந்தது தலைகீழ். முதல்ல கலே கரையில தீக்கப்பல், மறுநாள் கிராவ்லைன்ஸ் பக்கம் கடல் சண்டை, அதுக்கு 11 நாள் கழிச்சுத்தான் பேச்சு.

மாங்கனி: எந்தப் புத்தகத்தப் பிரிச்சாலும் கிராவ்லைன்ஸ் ஆகஸ்ட் 8, பேச்சு ஆகஸ்ட் 9. 9-ல 8 போனா 11-ஆ? தருமபுரிப் பக்கம் கணக்கு இப்படித்தான் சொல்லிக் குடுக்கறாங்களா?

தகடூரான்: அந்த 8 புது நாட்காட்டி, கிரிகோரியன்; அந்த 9 பழைய நாட்காட்டி, ஜூலியன். ஸ்பெயின் 1582-லயே மாறிடுச்சு, இங்கிலாந்து 1752 வரைக்கும் பழசுலயே இருந்துச்சு. நடுவுல 10 நாள் வித்தியாசம். பழைய கணக்குல ஜூலை 29 சண்டை, ஆகஸ்ட் 9 பேச்சு. புதுக் கணக்குல ஆகஸ்ட் 8, ஆகஸ்ட் 19. எதுல போட்டாலும் 11. சனிப்பெயர்ச்சி திருக்கணிதத்துல 2023 ஜனவரி 17, வாக்கியத்துல அதே வருசம் டிசம்பர் 20. சனி ஒரே வருசத்துல ரெண்டு தடவ பெயர்ந்தார்னு சொல்லுவீங்களா?

ஊத்தங்கரை: தேதியை விடுங்கப்பா, தீக்கப்பலப் பேசுங்க. படத்துல கடலே பத்தி எரியுது. நிஜத்துல விட்டது 8 கப்பல். தாரும் கந்தகமும் அடைச்சு, சூடேறுனா தானா வெடிக்கட்டும்னு பீரங்கிய நிரப்பியே வெச்சு, காத்தும் நீரோட்டமும் எதிரி பக்கம் திரும்புற நேரமாப் பாத்து ராத்திரியில விட்டாங்க. சுக்கானக் கட்டிட்டு, தீ வெச்சவங்க படகுல இறங்கிடுவாங்க. மோதற வரைக்கும் யாரும் மேல நிக்கமாட்டாங்க. படத்துல வர்ற கடலோடி ராலே நிஜத்துல அங்க இல்லவே இல்ல. ரெண்டு தீக்கப்பல ஸ்பானியச் சின்னப் படகுங்க இழுத்து ஓரங்கட்டிடுச்சு. மிச்சத்தப் பாத்து மிரண்டுதான் நங்கூரக் கயித்த வெட்டிட்டு ஓடுனாங்க. 1585-ல ஆண்ட்வெர்ப் நகரத்துல அவங்க மேல விட்ட வெடிமருந்துக் கப்பல் வெடிச்ச பயம் அவங்களுக்குப் போகல. தீயில ஒரு ஸ்பானியக் கப்பல்கூட எரியல. நங்கூரம் கலேயிலயே போச்சு, அதனாலதான் பின்னால அயர்லாந்துக் கரையில காத்துல நிக்க முடியாமப் பல கப்பல் பாறையில போய் மோதுச்சு.

மாங்கனி: கடலே இல்லாத மாவட்டத்துல ஆளுக்கொரு மாலுமி. தேதிக்குப் பதில் வரல. 9-ல 8 போனா 1.

தகடூரான்: பதில் மேலயே இருக்கு, படிங்க. பேச்சு அன்னைக்குத் துரத்திப்போன ஆங்கிலக் கப்பலுங்க குண்டும் சாப்பாடும் தீந்து ஸ்காட்லாந்துப் பக்கத்துலயே திரும்பியாச்சு. ஸ்பெயின் தளபதி பார்மாவோட படை கரையிறங்குமோன்னுதான் டில்பரியில முகாம். சண்டை முடிஞ்சப்புறம் பேசுனதப் படம் முன்னால தூக்கி வெச்சிருச்சு. சோழர் கப்பல் இழையிலயும் நீங்க இப்படித்தான் ஒரே தேதியப் புடிச்சுத் தொங்குனீங்க.

மாங்கனி: சோழர் இழைய ஏன் இழுக்கறீங்க? அதுல தோத்தது நீங்க.

பரிசல்: அந்தப் பேச்சு இப்பப் பரவலாத் தெரிஞ்ச வடிவத்துல அச்சானதே 1654-ல, ஒரு கடிதத்துல. தேதிக்கு இவ்ளோ சண்டையா? ரகுமான் இசையக் கேளுங்க, அதுக்குத்தான் ஆஸ்கர் வந்துச்சு.

ஊத்தங்கரை: ஆஸ்கர் வந்தது உடையலங்காரத்துக்கு, அலெக்ஸாண்ட்ரா பைர்னுக்கு. ரகுமான் கிரெய்க் ஆம்ஸ்ட்ராங்கோட சேர்ந்து இசையமைச்சாரு, இந்தப் படத்துக்கு அவருக்கு ஆஸ்கர் இல்ல.

பரிசல்: ரகுமானக் குறைச்சுப் பேசுனா ஓசூர்க்காரங்க அறிவாளின்னு நெனப்பு.

ஊத்தங்கரை: ஊத்தங்கரை எங்க, ஓசூர் எங்க! ஒரே மாவட்டம்னா ஒரே ஊரா?

தகடூரான்: கடிதம் எப்ப அச்சானா என்ன, ராணி முகாமுக்கு வந்தது பழைய கணக்குல ஆகஸ்ட் 8, 9. ஓசூர்ல பாதித் தெரு யுகாதிக்கு வருசம் பொறந்துச்சுங்குது, மீதித் தெரு சித்திரை ஒண்ணுங்குது. அங்கிருந்தே ஒருத்தர் ரெண்டு நாட்காட்டி இருக்குன்னு ஒத்துக்கமாட்டேங்கறாரு. அந்தக் கால இங்கிலாந்துல வருசமே மார்ச் 25-லதான் பொறக்கும். அதனால ஸ்காட்லாந்து ராணி மேரி தலை விழுந்த 1587 பிப்ரவரி 8, அவங்க பழைய ஏட்டுல 1586. ஒரு வருசம் முன்னாலயே செத்துட்டாங்கன்னு எழுதுவீங்களா?

மாங்கனி: நான் ஓசூர் இல்ல, காவேரிப்பட்டணம். மேரியப் பத்தி யாரும் கேக்கல. 9-ல 8 போனா?

தகடூரான்: எந்த 8?