எம்.ஜி.பி கியர்பாக்ஸ் ஆயில் கசிவு: புதுப்பிப்பு

என் 1972 எம்.ஜி.பி-யில் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) கியர்பாக்ஸ் பின்முனையில் ஆயில் சொட்டுகிறது, சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) போயிருக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். சீல்தான், ஆனால் அது மட்டுமில்லை. பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, அது கியர்பாக்ஸில் மாட்டும் ஃபிளேஞ்சை உருவியதும் தெரிந்தது: சீல் உரசும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். கோவை கணபதியில் லேத் பட்டறைக்காரர் விரலால் தடவிப் பார்த்து, "புது சீலு போட்டாலும் இது அறுத்துப்போடுமுங்க" என்றார். பள்ளத்தின் மேல் மெல்லிய ஸ்லீவ் (உலோக உறை) ஏற்றி, பளபளவென்று பாலிஷ் போட்டுக் கொடுத்தார். அருமையான கை!

அப்புறம், கியர்பாக்ஸின் காற்றுத் துளையான பிரீதரையும் மறக்காமல் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஆயில் வரும். கியர்பாக்ஸில் ஊற்றியது 20டபிள்யூ50 எஞ்சின் ஆயில். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியாச்சு, அடியில் ஈரமே இல்லை.