குளிர்கடல் பயணத்துக்குப் பெட்டி கட்டிய அனுபவங்கள்

போன பிப்ரவரியில் அம்மாவை நார்வே கடலோரக் கப்பலில் அழைத்துப் போனேன். பெர்கனில் ஏறி, ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனெஸ் வரை போய், அதே கப்பலில் திரும்புகிற 12 நாள் பயணம். வழியில் 34 துறைமுகங்கள். அம்மாவுக்கு 68 வயது. ஊட்டிக் குளிரைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. அடுத்த குளிர்காலத்துக்கு யாராவது திட்டம் போடுவதாக இருந்தால் இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கோவையில் இருந்ததிலேயே தடிமனான ஜாக்கெட்டாகப் பார்த்து ஆளுக்கு ஒன்று வாங்கினேன். உள்ளே போட்டுக்கொள்ள வழக்கமான பருத்தி பனியன், டி-சர்ட், எனக்கு ஜீன்ஸ். தப்பு நடந்தது அந்த உள்ளாடையில்தான். வெப்பக் கடல் நீரோட்டம் இருப்பதால் அந்தக் கரையில் துறைமுகங்கள் உறைவதில்லை. நாங்கள் போன பெரும்பாலான நாட்களில் பூஜ்யத்துக்கு அக்கம்பக்கமாகவே இருந்தது. ஆனால் கப்பல் ஓடும்போது மேல்தளத்தில் அடிக்கிற காற்று வேறு கணக்கு. கப்பலுக்குள்ளோ நல்ல கதகதப்பு. தடி ஜாக்கெட்டோடு படி ஏறினால் ஐந்து நிமிடத்தில் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் கதவைத் திறந்து வெளியே போனதும் அந்த ஈரத் துணியே உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பித்துவிடும்.

மூன்றாம் நாள் வழியிலிருந்த ட்ரான்ஹைம் நகரில் இறங்கி நிடாரோஸ் தேவாலயம் வரை நடந்துவிட்டு வந்தோம். திரும்பி மேல்தளத்தில் நின்ற அம்மாவுக்கு முதுகு வெடவெடவென்று நடுங்கியது. எனக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது. உடனே மறுபடி ஊருக்குள் ஓடி, இரண்டு பேருக்கும் மெரினோ என்ற செம்மறியாட்டின் மெல்லிய கம்பளியில் செய்த உள்ளாடை வாங்கினேன். விலை கடித்தது. ஊரிலேயே தேடி வாங்கியிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

அம்மா சேலைதான் கட்டுவேன் என்பதில் உறுதியாக இருந்தார். அது சரியாகவே அமைந்தது: கம்பளிக் கால்சட்டை, ரவிக்கைக்குப் பதில் கம்பளி மேல்சட்டை, அதன் மேல் சேலை, ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, கடைசியாகக் காற்றும் தண்ணீரும் புகாத மெல்லிய ஜாக்கெட். கோவையில் வாங்கிய அந்தத் தடி ஜாக்கெட் கேபின் அலமாரியிலேயே கிடந்தது.

எல்லாவற்றையும்விட மனசில் தங்கியது ஸ்வோல்வேர் துறைமுகம் தாண்டிய இரவு. துருவ ஒளி (துருவப் பக்கத்து இரவு வானில் தோன்றும் வண்ண ஒளி) தெரிகிறது என்று கேபின் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். காலுறை ஒரு பையில், கையுறை இன்னொரு பையில், தொப்பி பெட்டிக்கு அடியில். அம்மாவைத் தயார் செய்து மேலே கூட்டிப்போகக் கால் மணி நேரமாயிற்று. வானத்தில் வெறும் மேகம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து படுத்துவிட்டார். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் டிராம்சோ துறைமுகம் தாண்டியதும், எதை முதலில் போட வேண்டுமோ அது மேலே வருகிற மாதிரி நாற்காலியில் அடுக்கி வைத்தேன். கம்பளி உள்ளாடையோடேயே தூங்கினோம். இரவு ஒரு மணிக்கு அறிவிப்பு வந்தது. நான்கு நிமிடத்தில் மேல்தளம். பச்சைத் திரை ஒன்று வடக்கிலிருந்து தலைக்கு மேல் வரை ஆடிக்கொண்டிருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா இருந்திருக்கணும்டா" என்றார். நாற்பது நிமிடம் நின்றோம், அவருக்குக் குளிரவே இல்லை.

சில்லறைச் சமாச்சாரங்கள்: தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும், நல்லெண்ணெய் கொண்டு போங்கள். உதட்டுக்கு வாஸ்லைன். கைபேசியை உள்பையில், உடம்பை ஒட்டி வையுங்கள். வெளிப்பையில் வைத்தால் பாதி சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடலாம். திறந்த கடல் வருகிற இடங்களில் கப்பல் நன்றாக ஆடும், வாந்தி மாத்திரை தேவை. பருப்புப்பொடி எங்களைக் காப்பாற்றியது.

*

மேலே உள்ள பயணக் குறிப்பை வாசித்தேன். நான் நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் பகுதியில் உள்ள ஹொன்னிங்ஸ்வோக் துறைமுக ஊரில் வளர்ந்தவன். எண்பதுகளில் ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த தமிழர்களில் என் அப்பாவும் ஒருவர். உங்கள் அம்மாவின் சேலை ஏற்பாட்டை வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது. என் அம்மாவும் கோயில் திருவிழாவுக்கு அப்படித்தான் உடுத்துவார்.

நீங்கள் எழுதாத ஒன்றைச் சேர்க்கிறேன்: சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற இரும்பு முட்கள். நோர்வேயில் 'ப்ரொடர்' என்று கேட்டால் தருவார்கள். கப்பலில் வருபவர்கள் உடுப்பைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள். பகலில் உருகின பனி மாலையில் கண்ணாடியாக இறுகும், அதன் மேல் புதுப் பனி விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. போன வருடம் எங்கள் துறைமுகத்தில் ஒரு வயதான அம்மா படியிறங்கி பத்தடி நடப்பதற்குள் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நான்தான் தூக்கி உட்கார வைத்தேன். பயணம் அவருக்கு அன்றோடு முடிந்தது. விலை உயர்ந்த ஜாக்கெட் போட்டிருந்தார், காலில் வழுவழு அடிப்பாகம். முட்களைக் கடைக்குள்ளும் கப்பலுக்குள்ளும் கழற்றிவிடுங்கள், ஓடு பதித்த தரையில் அவையே வழுக்கும்.

இருட்டில் ஒளிரும் பட்டையும் ஒன்று கையில் கட்டுங்கள். இங்கே சின்னப் பிள்ளைகள் முதல் எல்லோரும் கட்டுவோம், கறுப்பு ஜாக்கெட்டை வாகனக்காரர் காண மாட்டார்.

*

மேலே இருவரும் நார்வே பற்றி எழுதியிருக்கிறார்கள், என் அனுபவம் எதிர்த் துருவத்தில். ஒரு டிசம்பரில் அர்ஜென்டினாவின் உஷுவையாவிலிருந்து அண்டார்டிகா போனேன். எங்களுக்குக் கப்பலிலேயே கனமான மேலங்கி கொடுத்தார்கள், முழங்கால் வரைக்குமான ரப்பர் பூட்ஸும் இரவல் தந்தார்கள். நாம் கொண்டு போக வேண்டியது தண்ணீர் புகாத கால்சட்டை. ரப்பர்ப் படகிலிருந்து கரையில் இறங்கும்போது முழங்கால் கிட்ட வரை கடல்நீர். என்னோடு வந்த ஒருவர் ஜீன்ஸில் இறங்கினார். அரை மணி நேரத்தில் படகுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று, பெங்குவின் கூட்டத்தை அவர் சரியாகப் பார்க்கவே இல்லை. அங்கே அது கோடைக்காலம், பனியில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைக் குத்தும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள்.

கரை இறங்குவதற்கு முந்தின நாள் எல்லோருடைய வெளியுடைகளையும் பைகளையும் சோதித்தார்கள். வெளியூர் விதை ஒன்றுகூடக் கரைக்குப் போகக் கூடாது என்பது விதி. ஏற்கெனவே ஒரு வெளிநாட்டுப் புல் அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் வேர் பிடித்து, அதைப் பிடுங்க ஆராய்ச்சியாளர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். என் முதுகுப்பை ஏலகிரி மலைக்கெல்லாம் வந்தது. துவைத்துத்தான் கொண்டு போயிருந்தேன். ஆனால் வெல்க்ரோ பட்டையை விளக்கடியில் விரித்துப் பார்த்தால், இடுக்கில் ஊசி போல மூன்று புல்விதைகள். வாணியம்பாடிப் பக்கத்து வெயிலில் விளைந்தவை, அத்தனை கடலையும் தாண்டி வந்திருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, அவர்கள் நீட்டிய உறையில் போட்டுவிட்டுக் கையெழுத்திட்டேன்.