கணினியோடு கல், காகிதம், கத்தரி: உங்கள் முதல் நிரல் எப்படிக் காலை வாரியது?

பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கிய இரண்டாம் வாரம் எழுதினேன். தங்கையை ஆட வைத்தேன். மூன்று முறை தோற்றதும், "நான் காட்டுவதைப் பார்த்துவிட்டுத்தானே அது காட்டுகிறது?" என்றாள். அவள் தட்டிய பிறகுதான் கணினி தேர்ந்தெடுத்தது என்பது உண்மையே. ரேண்டமாக எடுப்பதால் வரிசை எப்படி இருந்தாலும் ஒன்றுதான் என்று விளக்கினேன், நம்பவில்லை. சரி, கணினியே முதலில் எடுக்கட்டும் என்று அந்த வரியை மேலே தூக்கி வைத்தேன். கொஞ்சம் அதிகமாகவே மேலே, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்கும் வெளியே. கணினி ஒரே ஒரு முறை கத்தரியை எடுத்துவிட்டு, ஆட்டம் முழுக்க அதையே நீட்டியது. அவளோ வாயே திறக்காமல் கல், கல், கல் என்று தட்டிக்கொண்டிருந்தாள். பதினொன்றாவது வெற்றியில்தான் எனக்கு உறைத்தது.

* * *

எனக்கு 'ஆர்' (or, 'அல்லது') வைத்த ஆப்பு. கை கல்லுக்குச் சமம் 'ஆர்' காகிதம் என்று எழுதியிருந்தேன். 'ஆர்'-க்குப் பின்னால் நிற்கும் காகிதத்தைப் பைத்தான் தனியாகவே பார்க்கிறது, அது வெறும் சரம், அதாவது எழுத்துக் கோவை. வெற்றுச் சரம் அல்லாத எந்தச் சரத்தையும் பைத்தான் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். ஆக, கத்தரி என்று தட்டினாலும் அந்த இஃப் (if, 'இப்படியானால்' என்ற நிபந்தனை) திறந்துகொண்டது.

* * *

மொத்தம் ஒன்பது சேர்க்கைகள். ஒன்பதுக்கும் இஃப் எழுதினேன். நண்பர் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு வழி சொன்னார்: கல் 0, காகிதம் 1, கத்தரி 2. ஆடுபவரின் எண்ணிலிருந்து கணினியின் எண்ணைக் கழித்து 3-ஆல் வகுத்தால், மீதி 0 சமன், 1 வெற்றி, 2 தோல்வி. பைத்தானில் அருமையாக ஓடியது. அதையே சி மொழிக்குக் கொண்டுபோனேன். 0, 1 தவிர மற்றதெல்லாம் தோல்வி என்று வைத்தேன். எட்டுச் சேர்க்கைகள் சரி. கல் கத்தரியிடம் தோற்றது! இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். 0-இல் 2 போனால் −2. அதை 3-ஆல் வகுத்தால் மீதி 1 என்கிறது பைத்தான். சி −2 என்றே வைத்துக்கொள்கிறது. மற்ற எதிர்மறை விடைகள் −1. அவை எப்படியும் தோல்விகள்தான் என்பதால் பிழை வெளியே தெரியவில்லை. வகுக்கும் முன் 3 கூட்டினேன், தீர்ந்தது. ஒன்பது இஃப் எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று இன்றும் நண்பரிடம் சொல்லிக்காட்டுகிறேன்.

* * *

நான் ரேண்டத்தைத் தூக்கிவிட்டு, ஆடுபவர் அதிகம் காட்டிய கை எதுவோ அதை வெல்லும் கையைக் கணினிக்குக் கொடுத்தேன். அண்ணன் முதல் பத்து ஆட்டத்திலும் கல்லே காட்டினார். பிறகு சத்தமில்லாமல் கத்தரிக்கு மாறினார். கணக்கில் கல்லே முன்னால் நின்றதால் கணினி காகிதத்தை நீட்டி நீட்டி வெட்டு வாங்கியது, வரிசையாகப் பத்து முறை. இப்போது கடைசி ஐந்து கைகளை மட்டும் எண்ண வைத்திருக்கிறேன். அண்ணன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.