கணவர் வெளிநாட்டில், கையில் மூன்று லட்சம்: வேலூரில் என்ன தொழில் செய்யலாம்?

காகிதப்பட்டறை அக்கா:
என் வீட்டுக்காரர் தோஹாவில் ஏசி மெக்கானிக். அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பார்களா தெரியாது. சேர்த்தது மூன்று லட்சம். மாமியார் வாசலிலேயே மளிகைக் கடை போடச் சொல்கிறார், வீட்டுக்காரர் ஆட்டோ வாங்கி வாடகைக்கு விடலாம் என்கிறார். எனக்குத் தையல் தெரியும், மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போவதால் நாள் முழுக்க வெளியே நிற்க முடியாது. என்ன செய்யலாம்?

வாணியம்பாடி, இப்போது துபாய்:
மளிகைக் கடை மட்டும் வேண்டாம் சகோதரி. என் அறையில் இருப்பவர் பிலிப்பைன்ஸ்காரர், அவர் மனைவி ஊரில் வீட்டு முன்னாடி சாரி-சாரி என்று அவர்கள் சொல்லும் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். ஷாம்பு பாக்கெட், ஒற்றை சிகரெட், செல்போன் ரீசார்ஜ், எல்லாம் சில்லறை வியாபாரம்தான். விற்பனை நன்றாகவே இருந்ததாம், ஆனால் புருஷன் வெளிநாட்டில் சம்பாதிக்கிறான் என்று தெரு முழுக்கத் தெரியும், அதனால் கடன் வாங்கியவர்கள் யாருக்கும் திருப்பித் தர அவசரமே இல்லை. மாதாமாதம் இவர் அனுப்பிய பணத்தில்தான் சரக்கு எடுத்திருக்கிறார்கள், அதை லாபம் என்று நினைத்துக்கொண்டே ரொம்ப நாள் ஓடியிருக்கிறது. அவர்கள் நாட்டில் ஒப்பந்தத்துக்கு 25 டாலர் கட்டினால் ஓவா என்ற நல அமைப்பில் உறுப்பினர் ஆகலாம், குடும்பத்துக்குத் தொழில் பயிற்சிகூட உண்டு. இருந்தும் கடன் நோட்டை என்ன செய்வது? நம் ஊரில் மட்டும் வேறு மாதிரியா நடக்கும்?

சத்துவாச்சாரி:
காகிதப்பட்டறையில் மாடி அறையைச் சும்மா போட்டுவிட்டுத் தொழில் தேடுகிறீர்களே அக்கா! சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் கொல்கத்தா, அசாம், ஜார்கண்ட் ஆட்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள், லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகாது, ஓட்டல் சாப்பாடு நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாது. அடுப்பும் பாத்திரமும் வைத்த அறை கிடைத்தால் அவர்களே சமைத்துக்கொள்வார்கள். ஆதார் நகல் வாங்கி வையுங்கள். வங்கதேசத்துக்காரர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும், அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஆரம்பத்தில் நம் நாட்டு ஆட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆட்டோ எல்லாம் ஓட்டுபவன் பக்கத்தில் நீங்கள் இருந்தால்தான் சரிப்படும்.

ஆற்காடு தம்பி:
தையல் யூனிட் எண்ணம் இருந்தால் மெஷின் வாங்குவதற்கு முன்னாடியே மாவட்ட தொழில் மையத்துக்குப் போய்விடுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் பெண்களுக்கு நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம் மானியம், உங்கள் பங்கு 5 சதவீதம் போதும். ஆனால் ஏற்கெனவே தொடங்கிய தொழிலுக்குக் கிடையாது. அப்புறம், மானியம் கைக்கு வராது, மூன்று வருஷம் வங்கியிலேயே டெபாசிட்டாக நின்று அதற்குப் பிறகுதான் கடனில் கழியும். இது தெரியாமல் போய் வங்கியில் சண்டை போடுகிறவர்கள் நிறைய.

காகிதப்பட்டறை அக்கா:
நேற்று ராத்திரி அவரிடம் பேசினேன், ஆட்டோவை விட்டுவிட்டார். முதலில் மாடி அறை, தையலுக்கு விண்ணப்பம் மட்டும் போட்டு வைக்கிறேன். மாமியாரை நான் பார்த்துக்கொள்கிறேன். சத்துவாச்சாரிக்கு ஒரு கேள்வி, பாத்திரம் என்னென்ன வைப்பது? அவர்களுக்கு இட்லிப் பானை தேவைப்படாதே.

சத்துவாச்சாரி:
குக்கர், பெரிய கடாய், சோறு வடிக்க ஒரு பாத்திரம். அரிவாள்மனை கட்டாயம், மீனை அதில்தான் நறுக்குவார்கள். ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிடுங்கள், கடுகு எண்ணெய் காய்ந்தால் மாமியார் கீழேயிருந்து சத்தம் போடுவார்.