சிம்ரின் கில் கண்காட்சிப் பட்டியல்: பாலாய் ராயா பலகைக்கு எதை எடுப்பது?

சிலியாவ்_வாசகர் வட்டம்:
பள்ளி விடுமுறைக்கு மலேசியாவின் சிலியாவ் பாலாய் ராயாவில் (ஊர்ப் பொதுமண்டபம்) நாலு பலகை வைக்கிறோம். ஒன்று கலைஞர் சிம்ரின் கில்லுக்கு. பக்கத்துப் போர்ட்டிக்சனில் வளர்ந்தவர் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியணும். கையில் உள்ள மூன்று பட்டியலும் மூன்று மாதிரி. ஒன்றில் சிங்கப்பூர்க் கலைஞர், இன்னொன்றில் ஆஸ்திரேலியர். ஒரே படைப்புக்கு இரண்டு மூன்று ஆண்டு போட்டிருக்கிறார்கள். சிட்னி நவீனக்கலை அருங்காட்சியகத்தில் நடந்ததை எப்படி எழுதுவது? 'டாலாம்' என்ற அவருடைய வரவேற்பறைப் புகைப்படத் தொடரை அச்செடுத்து ஒட்டலாமா? இடம் ஒரு ஏ1 பலகைதான்.

லுகுட்காரன்:
நாட்டுக் குழப்பம் லேசானது. பிறந்தது 1959, சிங்கப்பூர். வளர்ந்தது போர்ட்டிக்சன். இருப்பது சிட்னியிலும் போர்ட்டிக்சனிலும். மூன்றையும் ஒரே வரியில் போட்டுவிட்டு நகருங்கள்.

ஆண்டுதான் உண்மையான சிக்கல். ஒரு படைப்புக்கு மூன்று ஆண்டு வரும்: உருவான ஆண்டு, காட்டிய ஆண்டு, அருங்காட்சியகம் வாங்கிய ஆண்டு. அவசரத்தில் பட்டியல் போடுகிறவர் மூன்றையும் ஒரே பத்தியில் கொட்டிவிடுகிறார். 'நூற்றாண்டுத் திருப்பத்தில் ஒரு சிறு ஊர்' என்ற தொடருக்கு 1999–2000 என்று இருந்தால் அது படம் எடுத்த காலம் (போர்ட்டிக்சன் ஆட்கள், தலையை மறைத்துப் பழங்கள்). கண்காட்சித் தேதி இல்லை. ஆகவே பலகையில் இரண்டு பத்தி பிரியுங்கள்: இடப்பக்கம் காட்டிய ஆண்டும் இடமும், வலப்பக்கம் படைப்பும் அது உருவான ஆண்டும். வாங்கிய ஆண்டை விட்டுவிடலாம். அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருப்பதாலேயே அங்கே கண்காட்சி நடந்தது என்று ஆகாது. இந்தத் தப்பு அச்சுப் பட்டியல்களில்கூட உண்டு.

சிட்னியில் இருப்பது 'தற்காலக் கலை அருங்காட்சியகம்', நவீனம் இல்லை. பெயரை அப்படியே எழுதுங்கள். 2008இல் அங்கே 'கேதரிங்' என்ற தனிக்கண்காட்சி. பலகைக்கு அதுவே போதும். கூட்டுக் கண்காட்சிகளையும் சேகரிப்பிலிருந்து அவ்வப்போது மாட்டுவதையும் அதோடு கலந்தால் ஒன்று ஐந்தாகத் தெரியும்.

வெனிஸ், காசல் இரண்டும் அருங்காட்சியகம் இல்லை, பெருவிழாக்கள். அவற்றைத் தனிக் கட்டத்தில் போடுங்கள். காசல் பெருவிழாவின் பெயர் டாக்குமென்டா. 2007, 2012 இரண்டு டாக்குமென்டாவிலும் இருந்தார். 2013இல் வெனிஸ் பியனாலேயில் ஆஸ்திரேலியக் கூடம். கூரையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மழையும் வெயிலும் உள்ளே வர விட்டார்கள். உள்ளே மாட்டிய காகிதப் படைப்பு ஆறு மாதத்தில் என்ன ஆகும் என்று பிள்ளைகளிடமே கேட்கலாம்.

பால்வாளி:
2007க்கு எதிரே 'த்ரோபேக்' கட்டாயம் வரணும். 1985 டாட்டா 1313 லோரியின் உள்பாகங்களைக் கரையான் புற்று மண், ஆற்றுக் களிமண், சிப்பி, பழத்தோல் என்று வைத்துத் திரும்பச் செய்தது. தோட்டத்தில் லோரி பார்த்த பிள்ளைக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

'டாலாம்' அச்செடுக்காதீர்கள். மலேசியாவின் 1987 காப்புரிமைச் சட்டப்படி ஒரு கலைஞரின் படைப்புக்கு அவர் வாழ்நாளும் அதன் பிறகு 50 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. எழுதி அனுமதி கேட்கலாம், ஆனால் விடுமுறைக்குள் பதில் வந்து சேருமா?

படமே இல்லாமல் அதன் அளவைக் காட்டலாம். 2001இல் தீபகற்பம் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி எடுத்த 260 வரவேற்பறைகள். ஒவ்வொரு படமும் சுமார் 23.5 செ.மீ. சதுரம். 2 செ.மீ. இடைவெளி விட்டு 20க்கு 13 ஆக அடுக்கினால் அகலம் 5.08 மீ., உயரம் 3.3 மீ. பத்தடிச் சுவரில் ஏறாது. 26க்கு 10 என்றால் 6.61 மீ., 2.53 மீ., அடங்கும். அந்தச் செவ்வகத்தை மாஸ்கிங் டேப்பால் சுவரில் வரையுங்கள், ஒரு மூலையில் ஒரே ஒரு 23.5 சதுரம். சுற்றளவு 18 மீட்டரைத் தாண்டும், ஒரு ரோலை நம்பாதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் பசை இறுகிப் பெயின்ட்டோடு உரியும்.

சிலியாவ்_வாசகர் வட்டம்:
நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். பலகை போம்போர்டா (நுரை அட்டை), வேற ஏதாவதா? ஹாலுக்கு ஜிங்க் கூரை.

செம்பனைக்காடு:
காகிதம் ஒட்டிய போம்போர்டு வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அச்சுத்தாள் ஒட்டினால், ராத்திரி ஈரமும் பகல் சூடும் மாறி மாறிப் பட்டு வில்லாக வளையும். 3 மி.மீ. பிவிசி பலகை எடுங்கள். இரட்டைப்பக்க டேப் அந்தச் சூட்டில் வழுக்கிவிடும். மேலே இரண்டு ஓட்டை போட்டு நைலான் கயிற்றில் தொங்கவிடுங்கள். பெரியவர்களுக்கு என்றால் பலகையின் நடு தரையிலிருந்து 150 செ.மீ., ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள்தான் கூட்டம் என்றால் 125.

எழுத்தளவு தலைப்புக்கு 72 புள்ளி, உள்ளே 28. தமிழ் எழுத்து அகலம் என்பதால் ஏ1இல் வரிக்கு எட்டுச் சொல்தான் பிடிக்கும், இரண்டு பத்தியாகப் பிரித்தால் நாலு. அதனால் கண்காட்சி ஏழெட்டுக்கு மேல் போடாதீர்கள்.

ஒன்று முக்கியம்: அச்சுக் கடைக்கு வேர்ட் கோப்பு கொடுக்காதீர்கள். அங்கே தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கொம்பும் புள்ளியும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும், பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாததால் அப்படியே அடித்துக் கொடுத்துவிடுவார்கள். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக்கி, முதலில் ஏ4இல் ஒரு தாள் அடித்து 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' மூன்றையும் பார்த்த பிறகு ஏ1க்குப் போங்கள்.