பழைய 110க்கு எல்ஈடி ஹெட்லைட்: பல்பை மட்டும் மாத்தினா போதுமா?

வெள்ளவத்தை_110:

வணக்கம். வாகனம் 1997 டொயோட்டா கொரோலா 110. எச்4 ஹலோஜன் பல்ப் (ஹைபீமும் டிம்மும் ஒரே பல்பில), 60/55 வாட்ஸ். வயரிங் எல்லாம் கம்பனியோட வந்ததுதான், மேலதிக ரிலே எதுவும் இல்லை. கொழும்புக்குள்ள தெருவிளக்கு இருக்கிறதால பிரச்சினை தெரியுறதில்லை. புத்தளம் தாண்டி அநுராதபுரம் பக்கம் இரவில போனா, டிம்மில ரோட்டில நிற்கிற மாடு கிட்ட வந்த பிறகுதான் தெரியுது. மழை பெய்தா வெள்ளைக் கோடும் இல்லை.

கொழும்பில வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில விசாரிச்சா எல்லாரும் எல்ஈடி போடச் சொல்றாங்க. பெட்டியில 20,000 லூமன் (வெளிச்ச அளவு), 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு) என்று போட்டிருக்கு. பழைய பல்பைக் கழற்றிட்டு அப்படியே சொருகினா சரியா? எதிரில வாறவங்களுக்குக் கண் கூசக் கூடாது, அது எனக்கு முக்கியம். டொயோட்டாவில எல்ஈடி போட்டா டாஷ்போர்டில ஹைபீம் நீல லைட் எரியாது என்றும் சொல்றாங்க. உண்மையா? விஷயம் தெரிஞ்ச அண்ணாமார் சொல்லுங்க.

ரிலே_87:

தம்பி, பல்ப் வாங்க முதல் ஒரு மல்ரிமீற்றர் எடுங்கோ. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி 1500 ஆர்பிஎம்மில விட்டு, டிம் லைட்டைப் போட்டு, முதலில பற்றரி ரெண்டு முனையிலும் அளவுங்கோ. 13.8க்கும் 14.4க்கும் இடையில இருக்க வேணும். பிறகு பல்ப் எரிஞ்சுகொண்டிருக்கும்போதே பல்பின்ர பிளக்குக்குப் பின்பக்கத்தால ப்ரோப்பை விட்டு, பொதுப் பின்னுக்கும் (ரெண்டு இழைக்கும் பொதுவானது) டிம் பின்னுக்கும் இடையில அளவுங்கோ. ரெண்டுக்கும் வித்தியாசம் 0.5 வோல்ற்றுக்குள்ள நின்றால் வயரிங் நல்லம். 25, 30 வருஷ வாகனத்தில அநேகமா நிற்காது. லைட் சுவிட்ச், டிம்மர் சுவிட்ச், பியூஸ் பெட்டி, பொடி ஏர்த் (வாகனத்தின்ர உடம்பில முடியிற நெகட்டிவ் பக்கம்) என்று கறள் பிடிச்ச ஒவ்வொரு இடமும் கொஞ்சம் கொஞ்சமா வோல்ற்றைத் தின்றுவிடும்.

இது ஏன் முக்கியமெண்டால், ஹலோஜன் இழையின்ர வெளிச்சம் வோல்ற்றோட நேராக் கூடிக் குறையிறதில்லை, ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கில கூடிக் குறையும். எச்4 பல்பின்ர தர அளவு 13.2 வோல்ற்றில டிம் 1000 லூமன், ஹைபீம் 1650 லூமன். அதே பல்புக்கு 12 வோல்ற் போனால் 72 சதவீதம்தான் வரும். 11 வோல்ற் எண்டால் பாதிக்குச் சற்று மேல. வெளிச்சம் மஞ்சளா, சோர்ந்து கிடக்கும். பல்பில ஒரு பிழையும் இருக்காது.

இதுக்கு வழி ரிலே: பழைய சுவிட்ச்சில இருந்து வாற சின்னக் கரண்டால இயங்கி, பற்றரியில இருந்து நேரா பல்புக்குக் கரண்ட் விடுற சுவிட்ச். ரிலே வயரிங்குக்கு வேண்டிய சாமான்: 12 வோல்ற், 30 அல்லது 40 அம்பியர் 4 பின் ரிலே ரெண்டு (டிம்முக்கு ஒண்டு, ஹைபீமுக்கு ஒண்டு), 15 அம்பியர் பியூஸோட ஹோல்டர் ரெண்டு, 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் 8 மீற்றரளவு, ரிலே கொயிலுக்கு 0.75 வயர் கொஞ்சம், செரமிக் எச்4 சொக்கெட் ரெண்டு. பிளாஸ்டிக் சொக்கெட் வாங்காதேங்கோ, சூட்டில இளகி பின் தளர்ந்துபோகும். பியூஸ் ஹோல்டர் பற்றரி பொசிட்டிவில இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்க வேணும். அதைவிடத் தள்ளி வைச்சால், இடையில வயர் பொடியில உரசினா பியூஸ் காப்பாற்றாது. ரிலேயில எழுதியிருக்கிற பின் நம்பர்ப்படி, 30இல பற்றரி, 87இல பல்ப், 85உம் 86உம் கொயிலின்ர ரெண்டு முனை. பல்பின்ர ஏர்த்தை, பெயின்ற் சுரண்டின பொடி போல்ற்றில 2.5 வயரால நேரா இறுக்குங்கோ.

இப்ப டொயோட்டா விஷயம். பழைய ஜப்பான் வாகனங்கள் பலவற்றில பொதுப் பின்னுக்கு எப்பவும் பொசிட்டிவ் வரும், சுவிட்ச் ஏர்த்தைத்தான் மாத்தி மாத்திக் குடுக்கும். உங்கட வாகனம் எப்படியெண்டு பார்க்க, ரெண்டு பக்கப் பிளக்கையும் கழற்றுங்கோ. ஒரு பக்கத்தை மாட்டினபடி விட்டால் அந்தப் பல்பின்ர இழை வழியா வோல்ற் திரும்பி வந்து மீற்றர் உங்களை ஏமாத்தும். லைட்டைப் போட்டு, மீற்றரின்ர கறுப்பைப் பொடியில வைச்சு ஒவ்வொரு பின்னாப் பாருங்கோ. டிம்மிலயும் ஹைபீமிலயும் ஒரே பின்னில 12 வோல்ற் நின்றால் ஏர்த் சுவிட்ச் முறை. பின் மாறி மாறி 12 வந்தால் பொசிட்டிவ் முறை.

கடையில வாற ரெடிமேட் ஹார்னஸ் (ரிலேயோட வாற வயர்த் தொகுதி) கனக்க பொசிட்டிவ் முறைக்குச் செய்தது, கொயிலின்ர ஒரு முனை பொடியில போகும். ஏர்த் சுவிட்ச் வாகனத்தில அது வேலை செய்யாது. கொயிலின்ர 86ஐ பழைய பிளக்கின்ர பொதுப் பின்னுக்கும், 85ஐ டிம் அல்லது ஹைபீம் பின்னுக்கும் குடுக்க வேணும். சாதாரண ரிலேக் கொயிலுக்கு பொசிட்டிவ், நெகட்டிவ் பேதமில்லை. உள்ளே டயோட் வைச்ச ரிலே எண்டால் மட்டும் பக்கம் பார்த்துக் குடுங்கோ.

நீல லைட் பற்றிச் சொன்னது உண்மைதான். ஏர்த் சுவிட்ச் முறையில ஹைபீம் போட்டால் நீல லைட்டுக்கு பொசிட்டிவ் வாறது எரியாமல் நிற்கிற டிம் இழை வழியாத்தான். எல்ஈடியில இழை இல்லாதபடியால் பாதை அறுந்துபோகும். ரிலே போட்டால் இன்னொரு கோளாறு: நீல லைட்டுக்குப் போற கரண்ட் டிம் ரிலேயின்ர கொயில் வழியா ஓடும், இழுத்து நிற்கிற ரிலே சில வேளை விடாமல் பிடிச்சுக்கொண்டே நிற்கும். டிம், ஹைபீம் ரெண்டு இழையும் சேர்ந்து எரிஞ்சால் எச்4 கெதியா அடிபட்டுப்போகும். அதனால நீல லைட்டின்ர பழைய ரெண்டு வயரையும் கழற்றி, ஒரு முனையை ஹைபீம் ரிலேயின்ர 87இலயும் மற்ற முனையைப் பொடியிலயும் குடுத்துவிடுங்கோ. பிரச்சினை முடிஞ்சுது.

100/90 வாட்ஸ் பல்ப் போட்டால் சரி எண்டு யாரும் சொன்னால் கேளாதேங்கோ. சொக்கெட் கருகும், ரிஃப்ளெக்டரின்ர வெள்ளிப் பூச்சும் போகும்.

கட்ஓஃப்_கோடு:

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

எச்4 பல்பைக் கையில் எடுத்து டிம் இழையைப் பாருங்கள். அதற்குக் கீழே ஒரு சின்னத் தகரக் கிண்ணம் இருக்கும். அது வெளிச்சத்தை ரிஃப்ளெக்டரின் மேல் பாதிக்கு மட்டும் விடுகிறது. அந்தக் கிண்ணத்தின் விளிம்புதான் சுவரில் வெளிச்சமும் இருளும் பிரியுமிடத்தில் தெரியும் வெட்டுக்கோடு. நமது நாட்டில் இடப்பக்கம் ஓடுவதால் அந்தக் கோடு வலப்பக்கம் தட்டையாகவும் இடப்பக்கம் 15 பாகை மேலேறியும் இருக்கும். வலப்பக்கத்தில் எதிர் வாகனம், இடப்பக்கத்தில் நடந்து போகிறவரும் மாடும். ரிஃப்ளெக்டர் முழுவதும் இந்த இழை நிற்கும் இடத்தைக் கணக்கில் எடுத்தே வடிவமைக்கப்பட்டது. இழை நின்ற இடத்திலேயே எல்ஈடி சிப்பும் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் தள்ளினாலும் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும், ரோட்டில் தூரம் குறையும்.

ஆகவே கடையில் லூமனைக் கேட்காதீர்கள். பெட்டியில் எழுதிய 20,000 லூமன் 25, 30 வாட்ஸ் இழுக்கும் ஒரு சோடி பல்பால் தர முடியாத அளவு. நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. சிப் பொருத்திய தகடு எவ்வளவு மெல்லிதோ அவ்வளவு நல்லது, 2 மில்லிமீற்றருக்கு மேல் தடித்தது வேண்டாம். உங்கள் ஹலோஜன் பல்பைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து, இழையும் சிப்பும் கழுத்து வளையத்திலிருந்து ஒரே தூரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். டிம் சிப்புக்குக் கீழே அந்தக் கிண்ணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான்கு பக்கமும் சிப் ஒட்டிய பல்ப் எச்4 ரிஃப்ளெக்டருக்குச் சரிவராது. கழுத்து வளையம் சுழலக் கூடியதாக இருந்தால், சிப்புகள் சரியாக இடமும் வலமும் பார்க்கும்படி திருப்பி இறுக்குங்கள்.

சோதனை இப்படி. சமதரை, சுவரிலிருந்து 5 மீற்றர், டயர் காற்றுச் சரி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர். ஹலோஜன் பல்போடு டிம் போட்டு, வெட்டுக்கோட்டை சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டையான பகுதி ஹெட்லைட் மையத்தின் உயரத்தைவிட 5 சென்ரிமீற்றர் கீழே நிற்க வேண்டும், அதாவது 1 சதவீதச் சரிவு. பிறகு ஒரு பக்கம் மட்டும் எல்ஈடி போடுங்கள். கோடு அதே இடத்தில், அதே கூர்மையில் வந்தால் நல்லது. கோட்டுக்கு மேலே வெளிச்சத் திட்டு தெரிந்தால் அந்தப் பல்ப் உங்கள் லைட்டுக்கு ஆகாது. திருகியைத் திருப்பிக் கீழே இறக்கி மறைக்கப் பார்க்காதீர்கள், தூரப் பார்வை போய்விடும்.

இன்னொன்று: மலிவு எல்ஈடி வாகனத்துக்கு முன்னால் முதல் 10 மீற்றரை வெள்ளையாக நிரப்பிவிடும். பார்க்க அருமையாகத் தெரியும். ஆனால் கண்மணி அந்த வெளிச்சத்துக்குச் சுருங்கிவிடுவதால் 50 மீற்றர் தள்ளி நிற்கும் மாடு முன்பைவிட மோசமாக மறையும். போனில் லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சம்) அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, சுவரில் வெட்டுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஆகப் பிரகாசமான இடத்தில் ஹலோஜனையும் எல்ஈடியையும் ஒப்பிடுங்கள். போட்டவுடன் ஒரு தரம், 15 நிமிடம் எரிந்த பிறகு மறுபடி. எல்ஈடி சூடேறினால் வெளிச்சம் இறங்கும், கொழும்பு வெக்கையில் இன்னும் இறங்கும். இரண்டாவது எண்ணையே நம்புங்கள்.

மழைக்கு 6500 கெல்வின் வேண்டாம். 4300க்குக் கிட்டக் கிடைத்தால் அதை எடுங்கள். நீலம் கலந்த வெள்ளை, மழைத்துளியிலும் ஈர ரோட்டிலும் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கே கூசும். பின்பக்க ரப்பர் மூடியை மின்விசிறிக்காக வெட்டாதீர்கள், ஈரம் போய் ரிஃப்ளெக்டர் கறுக்கும். ஹலோஜனின் சூடு உள்ளே படியும் நீராவியைக் காயவைக்கும், எல்ஈடி முன்பக்கம் சூடு அனுப்பாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வாகனங்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன, அவற்றின் ரிஃப்ளெக்டரும் அதே வயது. டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். கண்ணாடிபோல் மின்னாமல் சாம்பல் நிறமாக இருந்தால் எந்தப் பல்பும் உதவாது. துணியால் துடைத்தால் பூச்சு கழன்று வந்துவிடும். லைட்டை முழுதாக மாற்றுவதே வழி.

ஜெர்மனியில் 2020இல் ஓஸ்ராம் நைட் பிரேக்கர் எல்ஈடிக்கு அனுமதி கிடைத்தபோதுகூட எல்லா வாகனத்துக்கும் கொடுக்கவில்லை, சோதித்துப் பட்டியலிட்ட மாடல்களுக்கு மட்டும்தான். பல்பும் லைட்டும் சோடியாகப் பொருந்த வேண்டும் என்பதுதான் காரணம்.

பழைய_ஒஸ்டின்:

110க்குச் சொன்னது எல்லா வாகனத்துக்கும் பொருந்தாது. வேற வாகனம் வைச்சிருக்கிறவங்களும் இதை வாசிப்பாங்க என்பதால சேர்த்துச் சொல்றேன்.

மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்ற பழசுகள் பலவற்றில பற்றரியின் பொசிட்டிவ்தான் பொடியில இருக்கும். எல்ஈடியை அப்படியே மாட்டினா எரியாது, சிலது அடிபட்டே போகும். இந்த வாகனங்களில லூகாஸ் சீ40 டைனமோ அதிகபட்சம் 22 அம்பியர்தான் தரும். ரெண்டு ஹலோஜன் அதில 8, 9 அம்பியரைக் கேட்கும், ட்ராஃபிக்கில நிற்கும்போது டைனமோ அதைக்கூடத் தராது. ஆகவே எல்ஈடி உண்மையாவே பயன்படுற இடம் இதுதான். ஆனா பல்பா வாங்காதீங்க. 7 அங்குல வட்ட லைட்டுக்கு, சொந்த லென்ஸோட முழுதா வாற எல்ஈடி யூனிட் இருக்கு. ஏர்த்துக்கு ஏற்ற மாதிரி வயரை மாத்திக் குடுத்து, உலோக உடல் பொடியில தொடாதபடி மாட்டணும்.

வாங்கும்போது லைட்டுக்கு முன்னால நின்று லென்ஸைப் பாருங்க. ஐரோப்பிய முத்திரை உள்ளதில அம்புக்குறி உங்க வலது பக்கம் காட்டினா அது நமது மாதிரி இடப்பக்கம் ஓடுற நாட்டுக்கு. அம்புக்குறி இல்லைன்னா வலப்பக்கம் ஓடுற நாட்டுக்குச் செய்தது. அதை மாட்டினா மேலேறுற வெளிச்சம் நேரா எதிர் வாகனத்துக்குப் போகும்.

பழைய த்ரீவீலர், மோட்டர்சைக்கிள் சிலவற்றில ஹெட்லைட் பற்றரியில இருந்து வராம, எஞ்சினோட இருக்கிற கொயிலில இருந்து ஏசி கரண்டா வரும். எஞ்சின் வேகத்தோட வெளிச்சம் ஏறி இறங்கினா அதுதான். அங்க எல்ஈடி துடிக்கும், கெதியில செத்துப்போகும். ஹெட்லைட்டை பற்றரிக்கு மாத்தி வயர் பண்ணின பிறகு போடுங்க.

சட்டப் பக்கம் ஒரே வரி: 2025 தொடக்கத்தில கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தோட பொலிஸ் மேலதிக லைட், ஹோர்ன் எல்லாம் கழற்ற வைச்சது. கண்ணைப் பறிக்கிற லைட்டோட போய் மாட்டிக்கொள்ளாதீங்க.

வெள்ளவத்தை_110:

எல்லாருக்கும் நன்றி. அளந்தேன். பற்றரியில 14.1, இடது பல்பில 11.9, வலதில 12.1. ரெண்டு பிளக்கையும் கழற்றிப் பார்த்தா ஒரே பின்னில எப்பவும் 12 நிற்குது, அப்போ ஏர்த் சுவிட்ச் முறை. ரிஃப்ளெக்டர் நல்லா மின்னுது. கடைசிக் கேள்வி: எப்படியும் எல்ஈடிதான் போடுறதென்றா ரிலே வயரிங் தேவையா?

ரிலே_87:

எல்ஈடிக்கு தேவையில்லை. ரெண்டு பல்பும் சேர்ந்து 4, 5 அம்பியருக்குள்ளதான் இழுக்கும். உள்ளே இருக்கிற டிரைவர் சர்க்கிட், வோல்ற் குறைஞ்சாலும் சிப்புக்குப் போற கரண்டைச் சீரா வைச்சிருக்கும். பழைய வயரிங்கிலயே ஓடும். ஏர்த் சுவிட்ச் முறைக்கு வேலை செய்யுமோ எண்டு மட்டும் வாங்க முதல் கடையில பற்றரியில மாட்டிப் பாருங்கோ: பொதுப் பின்னுக்கு பொசிட்டிவ், மற்ற ரெண்டுக்கும் மாறி மாறி நெகட்டிவ். ரெண்டும் எரிய வேணும். எரியாட்டி முனை மாத்திற அடப்டர் தேவை. எஃப்எம் றேடியோவையும் போட்டுப் பாருங்கோ, இரைச்சல் வந்தால் டிரைவர் வயரில ஃபெரைற் வளையம் ஒண்டு மாட்டலாம்.

ஆனால் உங்கட அளவைப் பாருங்கோ. 14.1இல இருந்து 11.9 எண்டால் 2.2 வோல்ற் வழியில போகுது. அந்தப் பல்ப் இப்ப தர வேண்டியதில 70 சதவீதம்தான் தருது. ரிலே போட்டு 13.5 வந்தால் வெளிச்சம் இப்ப இருக்கிறதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல, அதுவும் வெட்டுக்கோடு ஒரு மயிரிழை அசையாமல். ரிஃப்ளெக்டர் மின்னுது எண்டால் நான் முதல் ரிலேயும் நல்ல கம்பனி 60/55 தெளிவுக் கண்ணாடிப் பல்பும் போடுவன். நீலப் பூச்சுப் பல்ப் வேண்டாம், பூச்சே வெளிச்சத்தைத் தின்னும். நைட் பிரேக்கர், எக்ஸ்ட்ரீம் விஷன் மாதிரி ஹலோஜன் பல்ப் தூரம் கூடத் தரும், ஆயுள் குறைவு. பல்பின்ர கண்ணாடியில விரல் படாமல் மாட்டுங்கோ. பிறகு கட்ஓஃப் அண்ணா சொன்ன மாதிரி சுவரில வைச்சு சரிபாருங்கோ.

கட்ஓஃப்_கோடு:

சுவரில் சரிபார்க்கும்போது ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். மற்ற லைட்டை அட்டையால் மறைத்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், சூட்டில் லென்ஸ் கெடும். பிளக்கைக் கழற்றுவதே நல்லது. ஆனால் ரிலே ஓட்டும் பழைய பிளக்கை விட்டுவிட்டு, புதிய செரமிக் சொக்கெட்டை மட்டும் கழற்றுங்கள்.