ஸ்டீல்ஸ் வீதிக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்?

வேலைக்குக் கேட்கும் பொலிஸ் சான்றிதழை எங்கே எடுப்பது என்று கனடாவில் ரொறன்ரோப் பக்கம் புதிதாக வந்த ஒரு தம்பி கேட்டிருந்தார். குடியிருக்கும் இடத்துப் பொலிஸிடம்தான். ஆனால் அது எந்தப் பொலிஸ் என்பதில்தான் சிக்கல்.

எங்கள் ஊரில் கொழும்பில் ஒரு பொலிஸ் மா அதிபர், அவருக்குக் கீழே நாடு முழுக்க ஒரே காக்கி. அந்த நினைப்போடு இங்கே வந்தால் குழம்பிப் போவீர்கள். ரொறன்ரோவுக்கு ஒரு பொலிஸ். அதன் வடக்கு எல்லையான ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்து போனால் மார்க்கம், வோன், ரிச்மண்ட் ஹில் உட்பட 9 நகராட்சிகளுக்கும் சேர்த்து யோர்க் பிராந்தியப் பொலிஸ். கிழக்கே பிக்கரிங், ஏஜாக்ஸ் டூரம் பொலிஸின் கீழ். மிசிசாகாவும் பிரம்ரனும் பீல் பொலிஸ், அதே பீல் பிராந்தியத்தில் இருக்கிற கலிடன் மட்டும் ஒன்ராறியோ மாகாணப் பொலிஸான ஓ.பி.பி.யின் கையில். 401 நெடுஞ்சாலையில் உங்களை மறிக்கிறவரும் பெரும்பாலும் ஓ.பி.பி.தான்.

நான் பட்டதைச் சொல்கிறேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து மார்க்கத்துக்கு வீடு மாறிய நேரம், மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. முதியோர், சிறுவர்களோடு வேலை என்றால் சான்றிதழில் ஒரு படி கூடுதலாகத் தேடுவார்கள், அதை நீங்கள் வசிக்கும் இடத்துப் பொலிஸ்தான் செய்யும். லைசென்ஸில் பழைய முகவரிதானே இருக்கிறது என்று ரொறன்ரோவுக்கே விண்ணப்பம் போட்டோம். திரும்பி வந்தது. முகவரியை 6 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது சட்டம், மாற்றாமல் சோம்பியிருந்தது நான், அதனால் பிழை முழுக்க என்னுடையது. வேலை தொடங்க இரண்டு கிழமை பிந்தியது, அதற்கு வாங்கின பேச்சை இங்கே எழுத முடியாது.

இந்தப் பிராந்தியப் படைகள் பழையவை அல்ல. யோர்க் 1971இல், பீலும் டூரமும் 1974இல், சின்னச் சின்ன ஊர்ப் பொலிஸை எல்லாம் சேர்த்து உண்டாக்கினவை. செலவில் பெரும்பங்கு உங்கள் வீட்டு வரியில் இருந்துதான் போகிறது. தலைவரை நியமிப்பது பொலிஸ் சபை. அதில் உள்ளூர் உறுப்பினர்களும் மாகாணம் நியமிக்கிறவர்களும் இருப்பார்கள், ஆனால் தனிப்பட்ட வழக்கில் சபை தலையிட முடியாது. "கவுன்சிலரைத் தெரியும், அபராத டிக்கெட்டை இல்லாமல் செய்துவிடுவார்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சிவப்புச் சட்டைக் குதிரைப் பொலிஸ், அதாவது கனடாவின் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி., ஒன்ராறியோவில் மத்திய அரசு சார்ந்த குற்றங்களைத்தான் பார்க்கும். அல்பேர்ட்டா, மனிரோபா பக்கம் சின்ன ஊருக்குப் போனால் ஒப்பந்த அடிப்படையில் அவர்களே உள்ளூர்ப் பொலிஸ்.

பொலிஸில் சேர நினைக்கிற பிள்ளைகளுக்கு: பிரஜாவுரிமை கட்டாயமில்லை, நிரந்தர வதிவுரிமை போதும். உயர்பள்ளி முடித்திருக்க வேண்டும், பயிற்சி எயில்மர் என்ற ஊரில். முதலில் நான்காம் வகுப்புக் கான்ஸ்டபிள், பிறகு படிப்படியாக முதலாம் வகுப்பு. துப்பாக்கி வேண்டாம் என்றால் 911 அழைப்பு எடுப்பது, பதிவேடு, கணினி என்று சீருடை இல்லாத வேலைகளும் நிறைய. 2019இல் பீல் பொலிஸின் தலைவராக வந்த நிஷான் துரையப்பா இலங்கையில் பிறந்தவர்தான், "எங்களையெல்லாம் எடுப்பார்களா" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

அவசரத்துக்கு மட்டும் இந்த எல்லைக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். 911ஐ அழுத்தி, பொலிஸ் என்று சொல்லி, முதலில் இடத்தையும் கிட்டவுள்ள சந்தியையும் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.